சேலத்திலிருந்து கடல் நண்டு ப்ராஜெக்ட்: முதல்முறை எடுப்பவர்களுக்கான வழிகாட்டி

விலங்கியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நம் ஊரிலிருந்து கடல் சுமார் 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. துறையில் "கடல் நண்டு எடுத்துக்கொள், தோற்றமும் வாழிடமும் எழுது" என்று ஒரு வரியில் தலைப்பைக் கொடுத்துவிடுவார்கள். யாரிடம் கடிதம் வாங்குவது, எந்த மாதம் போவது, கொண்டுவரும் நண்டு கெடாமல் எப்படி வைப்பது என்று சொல்ல ஆள் இருக்காது. நாங்கள் அலைந்து திரிந்து தெரிந்துகொண்டதை வரிசையாகத் தருகிறேன். பொறுமையாகப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நண்டின் தோற்றத்தைச் சேலத்திலேயே படித்துவிடலாம். வாழிடத்தைக் கடற்கரைக்குப் போய், வலை போட்டவரிடம் கேட்டுத்தான் எழுத முடியும். இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்கப் பார்ப்பவர்களுக்குக் காசும் நேரமும் வீணாகிறது.

1. எந்த நண்டு என்று முடிவு செய்யுங்கள்

என் சிபாரிசு முக்கண்ணு நண்டு. மூன்று புள்ளி நண்டு என்றும் சொல்வார்கள். அறிவியல் பெயர் போர்ட்டூனஸ் சாங்குயினோலென்டஸ். முதுகு ஓட்டின் பின்பாதியில் அரக்குச் சிவப்பில் மூன்று புள்ளிகள், அவற்றைச் சுற்றி வெளிறிய வளையம். வேறு எந்த நண்டோடும் குழப்பிக்கொள்ள வழியில்லை.

நீலக்கால் நண்டு எல்லோருக்கும் பிடித்த தலைப்பு. ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய புத்தகங்கள் எல்லாவற்றிலும் அது போர்ட்டூனஸ் பெலாஜிகஸ்தான். 2010இல் அந்த ஒரே பெயரை நான்கு இனங்களாகப் பிரித்துவிட்டார்கள். வங்கக் கடல் பக்கத்து நண்டுக்குப் போர்ட்டூனஸ் ரெட்டிகுலேட்டஸ் என்ற பெயர் வழங்குகிறது. பழைய பெயரை எழுதிவிட்டு வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) உட்கார்ந்தால், விவரம் தெரிந்த எக்ஸ்டர்னல் (வெளித் தேர்வாளர்) முதல் கேள்வியையே அங்கேதான் வைப்பார். சேற்று நண்டிலும் இதே கதை. 1998இல் ஸ்கில்லா பேரினத்தை நான்காகப் பிரித்தார்கள். நம் பக்கம் கிடைப்பவை ஸ்கில்லா செர்ராட்டாவும் ஸ்கில்லா ஒலிவேசியாவும். இடுக்கிக்கு அடுத்த கணுவின் வெளிப்புறத்தில் இரண்டு கூரான முள் இருந்தால் செர்ராட்டா. முள் மழுங்கியோ ஒன்று மட்டுமோ இருந்தால் ஒலிவேசியா. இதைப் பிரித்துப் பார்க்கப் பழகிய கண் வேண்டும். முதல் ப்ராஜெக்ட்டுக்கு முக்கண்ணுதான் பாதுகாப்பு.

2. காலண்டரைப் பாருங்கள்

கிழக்குக் கடற்கரையில் ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகும் ஃபைபர் படகும் கரையோரம் போகும், ஆனால் வரத்து குறைவு, விலை ஏறிவிடும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் சின்னம் என்று அறிவிப்பு வந்தால் எல்லாப் படகும் கரையில்தான்.

முதுகலை ப்ராஜெக்ட் பெரும்பாலும் நான்காம் செமஸ்டரில் வருகிறது. ஆகவே உங்களுக்குக் கிடைக்கும் உருப்படியான காலம் பொங்கல் முடிந்ததிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரைதான். பிப்ரவரிக்குள் முதல் பயணத்தை முடித்துவிடுங்கள். ஏதாவது விட்டுப்போனால் மார்ச்சில் இன்னொரு முறை போக இடம் இருக்கும். மார்ச் கடைசியில் முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு அந்த வாய்ப்பு கிடையாது.

கிளம்பும் முன் கரையில் யாரிடமாவது போனில் கேட்டுக்கொள்ளுங்கள். ஊரில் திருவிழாவோ சாவோ இருந்தால் அன்று படகு இறங்காது.

3. கடிதங்கள்

மாணவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். துறைத்தலைவர் கையெழுத்திட்ட ஒரே பொதுக் கடிதத்தை எல்லா இடத்திலும் நீட்டினால் வேலை நடக்காது. "இது எனக்கு எழுதின கடிதம் இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். யாருக்கோ அவருக்குத் தனியாக எழுதி வாங்குங்கள்.

மீன்வளத்துறை உதவி இயக்குநருக்கு ஒன்று. நீங்கள் போகும் இறங்குதளம் (படகுகள் வந்து மீனை இறக்கும் இடம்) எந்த மாவட்டமோ அந்த அலுவலகத்துக்கு. மீன்பிடித் துறைமுகத்துக்குள் படம் எடுக்கவும் அளவெடுக்கவும் அனுமதி கேட்டு எழுத வேண்டும்.

ஊர்ப் பஞ்சாயத்தாருக்கு ஒன்று. இது தமிழில் இருக்கட்டும். அரசு அலுவலகக் கடிதத்தைவிடக் கரையில் இதற்குத்தான் மதிப்பு. யார் நீங்கள், எந்தக் கல்லூரி, எத்தனை பேர், எந்த நாள், என்ன செய்வீர்கள் என்பதை நாலு வரியில் சொல்லுங்கள். "படகு, வலை, வருமானம் பற்றி எந்தக் கணக்கும் எடுக்க மாட்டோம்" என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள். நோட்டும் கேமராவுமாக யார் வந்தாலும் அதிகாரிகளோ என்ற சந்தேகம் வருவது இயல்பு.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டி இருக்கிறது. அங்குள்ள அருங்காட்சியகத்தைப் பார்க்கவும், உங்கள் நண்டு சரியான இனம்தானா என்று உறுதி செய்துகொள்ளவும் அதன் தலைவருக்கு ஒரு கடிதம். இதை ஆங்கிலத்தில் எழுதி, மின்னஞ்சலில் முன்கூட்டியே அனுப்பி, பதிலை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குள் சேற்று நண்டு வளைகளைப் பார்க்கப் போவதாக இருந்தால் வனத்துறை அனுமதி தனி. அது காப்புக்காடு. சுற்றுலாப் படகுக்கு டிக்கெட் எடுத்துப் பார்ப்பதற்கு யாரும் கடிதம் கேட்க மாட்டார்கள். ஆனால் அந்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஒரு குட்டி நண்டைக்கூட எடுத்து வரக்கூடாது. மாவட்ட வன அலுவலருக்கு எழுதி, பதில் வந்த பிறகே சேகரிப்பு. பதில் வர ஒரு மாதம் ஆகும் என்றே கணக்குப் போடுங்கள். முக்கண்ணு நண்டை எடுத்துக்கொண்டவர்களுக்கு இந்த வேலையே இல்லை, அது திறந்த கடல் நண்டு.

இவற்றோடு கல்லூரி அடையாள அட்டை, ஆதார் நகல், வெளியூர் தங்குவதற்குப் பெற்றோர் சம்மதக் கடிதம். எல்லாவற்றிலும் மூன்று நகல், பிளாஸ்டிக் உறைக்குள். கரையில் எல்லாமே நனையும்.

4. முதலில் சூரமங்கலம் மீன் மார்க்கெட்

கடிதங்களுக்குப் பதில் வரும் வரை சும்மா இருக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் சேர்வதற்கு முன் மார்க்கெட்டுக்குப் போய், முழு நண்டாக ஆணும் பெண்ணும் கலந்து ஒரு கிலோ வாங்குங்கள். கால் ஒடியாமல், ஓடு உடைக்காமல் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பழக்கத்தில் சுத்தம் செய்து கையில் கொடுத்துவிடுவார்கள். விலை அளவையும் வரத்தையும் பொறுத்துச் சில நூறு ரூபாய் ஆகும்.

வீட்டில் ஒரு தட்டில் மல்லாத்தி வைத்துப் பாருங்கள். வயிற்றுப் பக்கம் மடங்கியிருக்கும் மடிப்பு குறுகலாக, தலைகீழ் டி எழுத்துபோல இருந்தால் ஆண். அகலமாக, வட்டமாக இருந்தால் பருவமடைந்த பெண். முக்கோணமாக, உடம்போடு இறுகி ஒட்டியிருந்தால் இளம் பெண். இந்த மூன்றாவதை ஆண் என்று எழுதிவிடுகிறவர்கள் நிறைய, கவனம்.

அடுத்து முன்ஓரப் பற்கள், அதாவது ஓட்டின் முன்ஓரத்தில் பல் போல நீட்டியிருப்பவை. கண்ணிலிருந்து பக்கவாட்டு நுனி வரை ஒரு பக்கத்துக்கு எத்தனை பல் என்று குண்டூசியால் தொட்டுத் தொட்டு எண்ணுங்கள். முக்கண்ணுக்கும் நீலக்காலுக்கும் ஒன்பது. கடைசி ஒன்பதாவது மட்டும் நீண்ட முள்ளாக வெளியே நிற்கும். முதுகில் சிலுவைக் குறி உள்ள சிலுவை நண்டுக்கு ஆறுதான். நிறம் மங்கிப்போன நண்டிலும் பல் எண்ணிக்கை மாறாது. அதனால் நிறத்தை நம்புவதைவிடப் பல்லை நம்புங்கள்.

கடைசிக் கால் ஜோடியைப் பிரித்துப் பாருங்கள். நுனிக் கணு தட்டையாக, துடுப்பு மாதிரி இருக்கும். நீந்தும் நண்டு என்று இந்தக் குடும்பத்தைச் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஏற்காட்டு ஓடைகளில் கல்லுக்கடியில் கிடைக்கும் நண்டுக்கு நாலு ஜோடிக் காலும் கூர்மையாகவே முடியும், ஓட்டின் ஓரத்தில் இப்படி நீண்ட முள் வரிசையும் கிடையாது. அந்த ஓடை நண்டின் முட்டை பெரியது, எண்ணிக்கை குறைவு, பொரிந்தால் நேராகக் குட்டி நண்டாகவே வெளியே வரும். கடல் நண்டு லட்சக்கணக்கில் முட்டையிடும். அவை சோயியா, மெகலோபா என்ற மிதவைப் பருவங்களைக் கடலில் கழித்த பிறகுதான் நண்டு வடிவத்துக்கு வரும். நம் மலை நண்டையும் கடல் நண்டையும் ஒப்பிட்டு அரைப் பக்கம் எழுதினால் உங்கள் அறிக்கைக்குத் தனி மதிப்பு கிடைக்கும். சேலத்து மாணவர்கள் இதை விட்டுவிடுவது எனக்கு வருத்தம்தான்.

அளவெடுத்துப் பழகுங்கள். ஒரு பக்க ஒன்பதாவது முள்ளின் நுனியிலிருந்து மறுபக்க முள்ளின் நுனி வரை ஓட்டின் அகலம். நெற்றிப் பற்களுக்கு நடுவிலிருந்து பின்விளிம்பு வரை நீளம். மார்க்கெட் நண்டில் அந்த நீண்ட முள் ஒடிந்திருப்பது சகஜம். ஒடிந்ததை அளந்து அட்டவணையில் சேர்த்தால் சராசரியே கெட்டுவிடும், தள்ளி வைத்துவிடுங்கள்.

மார்க்கெட் நண்டை வைத்து வாழிடத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள். அந்த ஐஸ் பெட்டி கடலூரிலிருந்து வந்திருக்கலாம், ராமேஸ்வரத்திலிருந்து வந்திருக்கலாம், பல கை மாறி வந்திருக்கும். விற்பவர் நல்ல மனதோடு ஏதாவது ஒரு ஊர் பெயரைச் சொல்வார். அது தரவு ஆகாது.

5. பயணமும் செலவும்

சேலம் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆத்தூர், விருத்தாசலம் வழியாக, பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்திலுள்ள சிதம்பரம் போகலாம். நேர் பஸ் இல்லாத நேரத்தில் விருத்தாசலத்தில் மாறிக்கொள்ளுங்கள். பெங்களூரு–காரைக்கால் ரயிலும் சேலம், விருத்தாசலம் வழியாகச் சிதம்பரம் போகிறது. கட்டணம் குறைவு, நேரத்தை மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலையில் கிளம்பி மாலையில் சேர்ந்து, சிதம்பரத்தில் தங்குவதுதான் சரி. இரவு பஸ்ஸில் போய் நேராகக் கரையில் இறங்கினால், களைப்பில் பாதித் தகவலைக் கோட்டைவிடுவீர்கள். மறுநாள் விடிவதற்குள் கரையில் இருக்க வேண்டும் என்பதால் ஆட்டோவை முந்தின இரவே பேசி வையுங்கள்.

பஸ் கட்டணம் போக வர ஒருவருக்கு ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கும். அறை வாடகை, ஆட்டோ, சாப்பாடு, நண்டு, ஐஸ், தெர்மாகோல் பெட்டி எல்லாம் சேர்த்து இரண்டு பேர் போய்வர நாலாயிரம் ரூபாய் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பெரும் செலவு ஆட்டோவுக்குத்தான், அதில் பேரம் பேசுங்கள். நண்டுக்குப் பேரம் பேசாதீர்கள். நீங்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி அவர்கள் செலவழிக்கும் நேரத்துக்கு நாம் வேறெதுவும் கொடுப்பதில்லை.

6. கரையில் என்ன கேட்பது

பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் அன்னங்கோவில், கொஞ்சம் தள்ளி முடசலோடை, வடக்கே கடலூர் முதுநகர். இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். புதியவர்களுக்கு அன்னங்கோவில் வசதி, ஆய்வு மையமும் அருகிலேயே இருக்கிறது.

படகு வந்ததும் பாய்ந்து போய்க் கேட்காதீர்கள். வலையிலிருந்து நண்டைக் கழற்றும் வேலை நடக்கும்போது அவர்களுக்குப் பேச நேரமில்லை. நண்டின் கால்களும் கொடுக்குகளும் நூலில் சிக்கியிருக்கும். ஒடியாமல் எடுத்தால்தான் ஏலத்தில் விலை. அந்த நேரம் தள்ளி நின்று பார்ப்பதே ஒரு பாடம். ஏலம் முடிந்து டீ குடிக்க உட்காரும்போது பேசுங்கள்.

"அண்ணே, எத்தனை பாகத்துல வலை போட்டீங்க?" இதுதான் முதல் கேள்வி. மீட்டரில் கேட்டால் உத்தேசமாக ஏதோ சொல்வார்கள், பாகத்தில் கேட்டால் துல்லியமாகச் சொல்வார்கள். ஒரு பாகம் ஏறத்தாழ 1.8 மீட்டர். எட்டு பாகம் என்றால் பதினான்கு, பதினைந்து மீட்டர். முக்கண்ணு நண்டு சுமார் 30 மீட்டர் ஆழம் வரை உள்ள மணலிலும் மணல் கலந்த சேற்றிலும் வாழ்வது. நீங்கள் கேட்டு வரும் பதில் இதற்குள் அடங்குகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, "தரை மணலா, சேறா, பாரா?" பார் என்றால் கடலடிப் பாறைத் திட்டு. மூன்றாவது, எந்த வலை: நண்டு வலையா, விசைப்படகின் இழுவலையா. இழுவலை பல ஆழங்களை ஒரே இழுப்பில் கடந்து வருவதால் அந்த நண்டுக்கு ஆழம் குறிப்பது நம்பகமாக இருக்காது. நண்டு வலை ஒரே இடத்தில் அடித்தரையில் நிற்பது, எனவே அந்த நண்டையே வாங்குங்கள். நான்காவது, வலை போட்ட நேரமும் எடுத்த நேரமும். இந்த நண்டுகள் பகலில் மணலுக்குள் புதைந்து, கண்ணை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கும். இரவில்தான் இரை தேடி நடமாடும்.

நீலக்கால் நண்டும் அதே வலையில் வரும். அது கடற்புல் உள்ள ஆழம் குறைந்த இடங்களிலும் முகத்துவாரத்திலும்கூட வளரும். முக்கண்ணு உப்பு அதிகமுள்ள திறந்த கடலையே நாடும். வலையில் எந்த நண்டு எத்தனை என்று குறித்துக்கொண்டால் வாழிட ஒப்பீட்டுக்கு அதுவே போதும்.

"பௌர்ணமி நண்டில் சதை இருக்காது" என்று கரையில் கேட்பீர்கள். அதை மீனவர் சொன்ன கருத்து என்றே எழுதுங்கள், உங்கள் முடிவாக எழுதாதீர்கள்.

7. சினை நண்டும் சினை போலத் தெரிவதும்

வயிற்று மடிப்புக்கு அடியில் பஞ்சுத் திரளாக முட்டை வைத்திருக்கும் பெண் நண்டைச் சினை நண்டு என்பார்கள். முட்டை புதிதாக இருக்கும்போது ஆரஞ்சு மஞ்சள். வளர வளரப் பழுப்பாகி, பொரிக்கும் தறுவாயில் கறுத்துவிடும். அந்தக் கறுப்பு உள்ளே இருக்கும் குஞ்சுகளின் கண் நிறம். படம் எடுங்கள், அகலம் அளந்துகொள்ளுங்கள், உயிரோடு இருந்தால் கடலிலேயே விடச் சொல்லிக் கேளுங்கள். மாதிரியாக எடுத்து வர வேண்டாம்.

ஒரு பொறி உண்டு. சில நண்டுகளில் அதே இடத்தில் மஞ்சள் நிறத்தில் வழவழப்பான ஒரு பை தெரியும். அது முட்டை இல்லை, சாக்குலினா என்னும் ஒட்டுண்ணி. விரல் நுனியால் தொட்டால் வித்தியாசம் புரியும்: முட்டைத் திரள் ரவை ரவையாக நெருடும், சாக்குலினா ஒரே தோலாக இருக்கும். இது பிடித்த ஆண் நண்டின் வயிற்று மடிப்பே அகன்று பெண்ணைப் போல ஆகிவிடும். அப்படி ஒன்று கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். தனியாக உறை போட்டு, தனிப் பக்கம் ஒதுக்கி எழுதுங்கள்.

8. எதை எடுத்து வரக்கூடாது

இழுவலையில் கழித்துக் கொட்டும் குவியலில் கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் கிடக்கும். ஆசைப்பட்டு ஒன்றைப் பையில் போட்டுவிடாதீர்கள். இவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, செத்ததை வைத்திருப்பதும் குற்றம். மாணவர் என்ற சலுகை இதில் கிடையாது.

9. பதப்படுத்துதல்

வாங்கியதும் முதல் வேலை புகைப்படம். மேல்பக்கம், அடிப்பக்கம், முன்பக்கம், பக்கத்தில் ஸ்கேல் வைத்து. பதப்படுத்தும் திரவங்களான ஃபார்மலினிலோ ஆல்கஹாலிலோ போட்டபின் முதுகுப் புள்ளிகளின் நிறம் நிற்காது. சுடுநீர் பட்டால் ஓடு முழுக்கச் சிவந்து புள்ளியே தெரியாமல் போகும். ஓட்டிலுள்ள சிவப்பு நிறமி ஒரு புரதத்தோடு பிணைந்து பச்சையாகவும் நீலமாகவும் தெரிகிறது. சூட்டில் அந்தப் பிணைப்பு விட்டுப்போகிறது.

நண்டை உயிரோடு ஃபார்மலினில் போட்டால் தன் கால்களைத் தானே கழற்றிவிடும். முதலில் ஐஸில் வைத்து அசைவு முழுக்க அடங்க விடுங்கள். ஒவ்வொரு நண்டையும் ஈரத்துணியில் தனியாகச் சுற்றி, பென்சிலால் எழுதிய சீட்டோடு உறையில் போட்டுத் தெர்மாகோல் பெட்டியில் அடுக்குங்கள். பேனா மை ஈரத்தில் கலைந்துவிடும். சீட்டில் இடம், தேதி, பாகம், தரை, வலை, பால் (ஆணா பெண்ணா), அகலம். இந்த ஏழும் இல்லாத நண்டு சூரமங்கலத்தில் வாங்கிய நண்டுக்குச் சமம்.

ஃபார்மலின் பாட்டிலைப் பஸ்ஸிலோ ரயிலிலோ எடுத்துப் போகாதீர்கள். உடைந்தால் பெட்டி முழுக்க மூச்சடைக்கும், அனுமதியும் இல்லை. ஐஸிலேயே சேலம் கொண்டுவந்து கல்லூரி ஆய்வகத்தில் பதப்படுத்துங்கள். ஃபார்மலின் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். நாள்பட வைப்பதற்கு 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றுவது நல்லது. அது உரிமத்தோடு துறை வாங்கி வைத்திருப்பது, தனியாகக் கடையில் தேடி அலையாமல் ஆய்வக உதவியாளரிடம் இரண்டு வாரம் முன்பே சொல்லி வையுங்கள்.

10. திரும்பி வந்தபின்

மறுநாளே எழுத உட்காருங்கள். தோற்றம் என்ற பகுதியில் நீங்கள் அளந்ததும் எண்ணியதும் மட்டும் வரட்டும். வாழிடம் என்ற பகுதியில் கரையில் கேட்டதை, எந்த இறங்குதளம், எந்த வலை என்ற விவரத்தோடு எழுதுங்கள். புத்தகத்தில் படித்ததைத் தனிப் பத்தியாகப் பிரித்து வையுங்கள். மூன்றும் கலந்த அறிக்கையைத்தான் வைவாவில் கிழித்துத் தொங்கவிடுவார்கள்.

அனுமதி கொடுத்த அலுவலகங்களுக்கு அறிக்கையின் ஒரு நகலை அனுப்புங்கள். அடுத்த வருடம் உங்கள் ஜூனியர் அதே மேசைக்குக் கடிதத்தோடு போவார். முதுகு ஓடு உடையாத ஒரு ஆண், ஒரு பெண், சீட்டோடு உங்கள் துறை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து, பதிவேட்டில் ஏற்றி எண் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண்ணை அறிக்கையின் மாதிரிகள் பட்டியலில் எழுதிய பிறகே பைண்டிங்குக்குக் கொடுங்கள்.